ரத்து செய்த அறை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குச் சிக்கனச் சுற்றுலாத் திட்டம் போடுவது பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுக்கும்படி நம் பயண அலுவலகத்தில் கேட்டார்கள். கூடவே பயிற்சிக்காக நீங்கள் போட்ட திட்டம் ஒன்றையும் அனுப்பி வைத்தார்கள். நல்ல வார்த்தை எழுதலாம் என்றுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. அதனால் என்னிடம் நல்ல வார்த்தையை எதிர்பார்க்காதீர்கள்.

அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். 'தங்கும் விடுதிப் பதிவு குடிநுழைவு அதிகாரியிடம் காட்ட மட்டும். வருவதற்கு முந்தின நாள் மாலை ரத்து.' அதைப் பச்சையில் கட்டம் கட்டி வேறு வைத்திருக்கிறீர்கள், ஏதோ பெரிய கெட்டிக்காரத்தனம் மாதிரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை இந்த அலுவலகத்தில் ஆரம்பித்து வைத்தது யார் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். நான்தான். இருபத்தாறு வருடம் அந்த ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா அக்கா.

அது எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். இந்தியாவிலிருந்து இங்கே பினாங்குக்கு வருகிறவர்களுக்கு விசா வேண்டாம் என்று ஆனதும், தமிழ்நாட்டிலிருந்து நமக்கு வாட்ஸ்அப்பில் ஆட்கள் குவிய ஆரம்பித்தார்கள். அதுவரை வந்தவர்கள் வசதியானவர்கள், நாலு நாடு பார்த்தவர்கள். இவர்கள் அப்படி இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாகப் பாஸ்போர்ட் எடுத்தவர்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து மூன்று வருடம், நாலு வருடம் சேர்த்து வைத்தவர்கள். பினாங்குக்கு மூன்று ராத்திரி வந்து போக வேண்டும், செலவு கையைக் கடிக்கக் கூடாது. இவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

எதில் குறைப்பது? விமானத்தில் குறைக்க முடியாது. சாப்பாட்டில் ரொம்பக் குறைக்க வேண்டியதில்லை, நம் ஊரில் ரொட்டி சானாயும் தே தாரிக் டீயும் இருக்கும் வரை யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஊர் சுற்றப் பேருந்து இருக்கிறது, அக்கரைக்குப் போய்வரப் பெரிப் படகு இருக்கிறது. கடைசியில் எல்லாமே தங்கும் இடத்தில்தான் வந்து நிற்கும். நகருக்குச் சற்று வெளியே கெலுகோரில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பல்கலைக்கழக மாணவிகளுக்கு அறை வாடகைக்கு விட்டிருந்தார். விடுமுறையில் மாணவிகள் ஊருக்குப் போய்விடுவார்கள், அறைகள் சும்மா கிடக்கும். சுத்தமான வீடு, வாசலிலேயே பேருந்து. நகரத்துக்குள் ஜார்ஜ் டவுன் விடுதியில் ஓர் இரவுக்குக் கொடுப்பதை வைத்து அங்கே மூன்று இரவும் தங்கலாம். இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ரொம்பப் பெருமை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டு முகவரியைக் கொடுத்தால் விமான நிலையத்தில் பத்துக் கேள்வி கேட்பார்கள், விடுதிப் பெயர் என்றால் ஒரு கேள்வியும் வராது என்று எனக்கு ஒரு நினைப்பு. அதனால் ஜார்ஜ் டவுனில் ஒரு விடுதியில் அறை பதிவு செய்வேன். வருகை அட்டையில் அந்த முகவரியையே போடுவேன். வருவதற்கு முந்தின நாள் மாலை வரை இலவசமாக ரத்து செய்யலாம், ரத்து செய்துவிடுவேன். வருகிறவர்களிடம் ஒரே ஒரு பாடம் சொல்லிக்கொடுப்பேன்: யார் கேட்டாலும் விடுதிப் பெயரைச் சொல்லுங்கள், வீட்டைப் பற்றி வாயே திறக்காதீர்கள். ஏழெட்டுக் குழு இப்படி வந்து போனது. ஒன்றும் ஆகவில்லை. மேலாளர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். பக்கத்து மேசைக்காரர்கள் என்னிடமே வந்து கற்றுக்கொண்டார்கள்.

செல்வியும் மாலதியும் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தைக்கிறவர்கள். இருவருக்கும் நாற்பது வயது இருக்கும். பேசியது எல்லாம் செல்விதான். மாலதிக்குப் பொறுமை கிடையாது, 'எல்லாம் அவகிட்டயே சொல்லீருங்க' என்று ஒதுங்கிவிடுவார். செல்வி எனக்குத் தினம் ஒரு குரல் பதிவு அனுப்புவார். விமானத்தில் இட்லி கொண்டு போகலாமா, சீட்டுப் பிடிக்க முன்னாலேயே போய் நிற்க வேண்டுமா, அங்கே மழை பெய்யுமா. சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன். ஒரு நாள் நானே கேட்டேன், இவ்வளவு கஷ்டப்பட்டுச் சேர்த்ததை நகை நட்டு என்று வாங்கி வைக்காமல் ஏன் இதில் செலவழிக்கிறீர்கள் என்று.

"இருவது வருசமா நான் காலர் வெச்ச பனியனெல்லாம் கப்பலேறி ஊரு ஊராப் போகுதுங்க்கா. நான் மட்டும் அதே மிஷின்லயே உக்காந்திருக்கறேன். ஒருக்கா நானும் போய்ப் பாத்துட்டு வந்தர்றனே" என்றார்.

கம்பெனியில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். கிண்டல் பண்ணியவர்கள் இருந்தார்கள், சாக்லேட் வாங்கி வா என்று பட்டியல் கொடுத்தவர்களும் இருந்தார்கள். லைன் சூப்பர்வைசர் விடுமுறை கொடுக்கும்போதே, போய்விட்டுத் திரும்பி வருவாயா, அங்கேயே வேலைக்கு நின்றுவிடுவாயா என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் செல்வி சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சூப்பர்வைசர் விளையாட்டாகக் கேட்டதை ஓர் அதிகாரி வேலையாகவே கேட்பார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நாற்பது வயதுத் தையல்காரப் பெண்கள் இருவர், முதல் முறை வெளிநாடு, கையில் குறைவான பணம். அக்கரையில் பிறை வட்டாரத்தில் எத்தனை தொழிற்சாலை இருக்கிறது என்று அந்த அதிகாரிக்குத் தெரியாதா? இவர்கள் யாரை நம்பி வருகிறார்கள், எங்கே தங்குவார்கள் என்று அவர் துருவித்தான் கேட்பார். கேட்க வேண்டியது அவர் வேலை. அப்படிப்பட்ட இருவர் கையில்தான் பொய் முகவரியைக் கொடுத்து அனுப்பினேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

செல்வி விடுதிப் பெயரை நோட்டில் எழுதி மனப்பாடம் பண்ணியிருந்தார். கிளம்புவதற்கு முந்தின நாள் எனக்கு ஒப்பித்தும் காட்டினார். நான் 'ரொம்ப நல்லாச் சொல்றீங்க' என்றேன். அன்று மாலையே அறையை ரத்து செய்தேன்.

மறுநாள் காலை விமானம் சரியான நேரத்துக்கு இறங்கியது. நான் வெளியே பெயர் அட்டையோடு நின்றிருந்தேன். எல்லோரும் வந்துவிட்டார்கள், இவர்கள் இருவரையும் காணோம். முக்கால் மணி நேரம் கழித்து என் கைப்பேசி அடித்தது. உள்ளே இருந்து ஒரு பெண் அதிகாரி. மலாய்க்காரர், குரலில் கோபமே இல்லை. இந்த இரண்டு பெண்களை எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், எங்கள் வாடிக்கையாளர்கள் என்றேன். எங்கே தங்கப் போகிறார்கள் என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று படிக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்று என்னிடம் இருந்தது. கெலுகோரில் ஓர் ஆசிரியை வீடு, இதோ அவர் எண், பேசிப் பாருங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. நான் யோசிக்கவே இல்லை. வாய் கூசாமல் விடுதிப் பெயரைச் சொன்னேன். இருபத்தாறு வருட அனுபவம் அந்த ஒரு நொடியில் எனக்குக் கொடுத்தது அவ்வளவுதான். 'சரி, நன்றி' என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். அவர் ஏற்கெனவே விடுதிக்குப் பேசிவிட்டார், அங்கே அப்படிப் பதிவே இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் என்னை அழைத்தார். நான் என்ன சொல்கிறேன் என்று பார்ப்பதற்காகவே கேட்டிருக்கிறார். எனக்கு அது தெரியாது.

அவர் விடுதிக்குப் பேசிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று உடனே மேலாளரைக் கூப்பிட்டேன்.

"பயப்படாதே லா ஸ்டெல்லா. அதே ஹோட்டல்ல இப்பவே ரூம் போட்டு அந்தப் பொம்பளைக்கு அனுப்பு. கேட்டா ஹோட்டல் சிஸ்டம்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

அவர் சொன்னார், நான் செய்தேன். அவர் மேல் பழி போட்டுத் தப்பிக்கப் போவதில்லை. விரல் என்னுடையது. அங்கேயே நின்றபடி அறையைப் புதிதாகப் பதிவு செய்து, அந்தத் தாளைச் செல்வியின் கைப்பேசிக்கு அனுப்பினேன். விமான நிலைய வைஃபையில் எப்படிச் சேர்வது என்றுகூட முந்தின வாரம் நான்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். செல்வி அதையும் சரியாகச் செய்திருந்தார். அதிகாரியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போது அந்தத் தாள் போய்ச் சேர்ந்தது. 'இதோ வந்திருச்சுங்க மேடம்' என்று செல்வி சந்தோஷமாகக் கைப்பேசியை அவரிடமே நீட்டியிருக்கிறார். பதிவு செய்த நேரம் அதில் பெரிதாக அச்சாகியிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்பு.

அதற்குப் பிறகு என்னை உள்ளே வரச் சொன்னார்கள். ஓர் இளம் தமிழ் அதிகாரி மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தார். இருவரையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். மாலதி முதல் கேள்வியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். விடுதி எல்லாம் கிடையாது, ஒரு டீச்சர் வீட்டில் அறை, ஏஜெண்ட் அக்கா ஏற்பாடு, பெயர் தெரியாது, நோட்டு செல்வியிடம் இருக்கிறது. செல்வி மூன்று முறை கேட்டும் விடுதிப் பெயரையே சொல்லியிருக்கிறார். வேறு வீடு எதுவும் இருக்கிறதா என்று கேட்டதற்கு, இல்லவே இல்லை என்றிருக்கிறார். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று தமிழ் அதிகாரி தன் பங்குக்குக் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். அப்போதும் அவர் மாற்றிச் சொல்லவில்லை. ஏன் மாற்றப் போகிறார்? நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேனே.

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அறையைப் பதிவு செய்தது நான், ரத்து செய்தது நான், இன்று காலை மறுபடி பதிவு செய்தது நான், இந்தப் பெண் பாவம் ஒன்றும் அறியாதவள். ஆசிரியையின் எண்ணைக் கொடுத்தேன். அவரோடு பேசினார்கள். கெலுகோரில் அறை தயாராக இருக்கிறது, மதியச் சாப்பாடுகூட வைத்திருக்கிறேன் என்று அவரும் சொன்னார். பெண் அதிகாரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தொலைபேசியில் கேட்டபோதே இதை நீங்கள் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் இந்நேரம் உங்கள் காரில் இருப்பார்கள் என்றார். வீட்டில் தங்குவது தவறே இல்லையே, எதற்காக மறைத்தீர்கள் என்று கேட்டார்.  பத்துக் கேள்விக்குப் பயந்துதான் மறைத்தேன் என்றேன்.

மாலதியின் பேச்சு ஆசிரியை சொன்னதோடு ஒத்துப்போனதால் அவரை உள்ளே விட்டார்கள். செல்வி அதிகாரியிடம் மூன்று முறை பொய் சொன்னதாகப் பதிவாகிவிட்டது. அடுத்த விமானத்தில் திரும்ப வேண்டும். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள், என்னைத் தண்டியுங்கள் என்றேன். இங்கே வந்து உட்கார்ந்தவர் அவர்தான், நீங்கள் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த அதிகாரியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் வேலையை நான் அவ்வளவு ஒழுங்காகச் செய்திருந்தால் அவருக்கு இந்த வேலையே வந்திருக்காது.

மாலதியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் பையைத் தரையில் வைத்தார்.

"உள்ளதச் சொன்ன எனக்குப் போலாமுன்னு சொல்றாங்க. நீங்க சொன்னத அப்படியே சொன்னவளத் திருப்பி அனுப்பறாங்க. அவள விட்டுப்போட்டு நான் மட்டும் என்னத்தப் பாக்கறதுக்கு வரட்டும்?" என்றார். அத்தோடு என் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, தானும் அதே விமானத்தில் போகிறேன் என்று தமிழ் அதிகாரியிடம் சொல்லிவிட்டார்.

செல்வியைப் பார்க்க எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். புதுப் புடவை, தலையில் வாடிப்போன மல்லிகை, மடியில் அந்த நோட்டு. அழுதிருப்பார், திட்டுவார், திட்டட்டும் என்று நினைத்துத்தான் போனேன். என்னை அதுவரை அவர் படத்தில்தான் பார்த்திருந்தார். பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நான் எங்கயும் மாத்திச் சொல்லலீங்க்கா. நீங்க சொன்னதத்தான் சொன்னேன். எந்த எடத்துல தப்புப் பண்ணீட்டனுங்க?" என்று கேட்டார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் தப்பே பண்ணவில்லை என்று சொல்வதற்குள் இரண்டு நிமிடமும் முடிந்துபோயிற்று.

அன்று மத்தியானம் அலுவலகத்துக்குப் போய் மேலாளரிடம் கத்தினேன். இனி ஒரு பதிவைக்கூட இப்படிச் செய்ய மாட்டேன் என்றேன். 'சரி, நீ செய்யாதே' என்றார். அடுத்த வாரம் அந்த வேலை பக்கத்து மேசைக்குப் போயிற்று. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற ஒரு வருடம்தான் இருந்தது, மல்லுக்கட்டி என்ன ஆகப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டு போய்விட்டேன். அப்படிப் பக்கத்து மேசைக்குப் போனதுதான் இன்று உங்கள் கையில் பச்சைக் கட்டமாக வந்து நிற்கிறது. உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதைவிட அதிகமான கோபம் என் மேல்தான்.

சிக்கனம் என்பது நம் வாடிக்கையாளருடைய செலவைக் குறைப்பது. அவருடைய தைரியத்தைக் குறைப்பது சிக்கனம் ஆகாது. முதல் முறை வருகிறவரிடம் இருக்கிற ஒரே பலம், யார் என்ன கேட்டாலும் பயமில்லாமல் பதில் சொல்லலாம் என்பதுதான். மாணவிகள் அறையில் தங்க வையுங்கள், பேருந்தில் ஏற்றுங்கள், சாலையோர ஒட்டுக்கடையில் சாப்பிட வையுங்கள், அது எதிலும் வெட்கம் இல்லை. அதை அப்படியே தாளில் எழுதிக் கொடுங்கள். பத்துக் கேள்வி வந்தால் வரட்டும். பத்துக்கும் உண்மையான பதில் இருந்தால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள்.

இரண்டு வாரம் கழித்துச் செல்வியிடமிருந்து குரல் பதிவு வந்தது. பணத்தைத் திருப்பி அனுப்புவதாகவும், என் செலவிலேயே மறுபடி கூட்டி வரப் பார்க்கிறேன் என்றும் நான் எழுதியிருந்ததற்குப் பதில். அது எல்லாம் வேண்டாம் என்றார். இனி எங்கே போனாலும் திருப்பி அனுப்பப்பட்டதுண்டா என்று கேட்பார்களாம், யாரோ சொன்னார்களாம், அதனால் பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம். ஊருக்கும் அவர்கள் நேராகப் போகவில்லை. கம்பெனியில் என்ன முகத்தோடு நிற்பது என்று, திருச்சியில் மாலதியின் அக்கா வீட்டில் நாலு நாள் ஒளிந்திருந்துவிட்டு, சாக்லேட்டை அங்கேயே கடைத்தெருவில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பினாங்கு நன்றாக இருந்தது என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று. போட்டோ எங்கே என்று கேட்கிறார்கள், கொஞ்சம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். சிரமம் இல்லையென்றால் மட்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

விடுப்புப் போட்டுவிட்டுக் கெலுகோரில் அந்த ஆசிரியை வீட்டு வாசலில் பேருந்து ஏறினேன். அவர்களுக்காக நான் போட்ட திட்டத்தில் இருந்த ஒவ்வோர் இடத்துக்கும், அதே வரிசையில் போனேன். கொடிமலை, தண்ணீர்மலைக் கோயில் படிக்கட்டு, லிட்டில் இந்தியா, பெரியிலிருந்து தெரிகிற ஜார்ஜ் டவுன். வெயிலில் தலை சுற்றியது. நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்து அனுப்பினேன். பொய்க்கு இன்னொரு பொய் செய்கிறோம் என்று தெரியாமல் இல்லை. அந்தப் பெண் கேட்ட ஒன்றையாவது செய்து கொடுக்க வேண்டும் என்று இருந்தது.

மூன்றாம் நாள் இன்னொரு குரல் பதிவு வந்தது. பின்னால் தையல் மிஷின்கள் ஓடுகிற சத்தம்.

"படமெல்லாம் நெம்ப நல்லா இருக்குதுங்க்கா. எல்லாத்துக்கும் காட்டினேன். இத்தன படத்துல ஒண்ணுலகூட உங்க ரெண்டு பேரையும் காணமேன்னு சூப்பர்வைசர் கேக்கறாருங்க. அவருக்கு என்னன்னு சொல்லட்டுங்க்கா?"

அவர் என்னிடம்தான் கேட்கிறார், மறுபடியும். அந்தப் பதிவை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இன்று வரை நான் பதில் போடவில்லை.